வாலில்லா நரியும் இரண்டு தம்ளர் தண்ணீரும்

எங்கள் ஊரில் நரியைப் பார்ப்பது பெரிய விஷயமில்லை. பங்குனியில், கடலோடு சேர்ந்த எங்கள் உப்பு ஏரியில் தண்ணீர் உள்வாங்கிச் சேறு தெரிய ஆரம்பித்தால், விடிந்ததும் வேலிக்காத்தான் காட்டிலிருந்து இரண்டு மூன்று நரிகள் இறங்கி வரும். குட்டைகளில் மாட்டிக்கொண்ட மீனையும் நண்டையும் தின்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். கணக்குப் பரீட்சை அன்று நரி முகத்தில் விழிக்க வேண்டும் என்று சீக்கிரம் எழுந்து கரைமேல் போய் நின்றிருக்கிறேன். விழித்தும் இருக்கிறேன். மதிப்பெண்ணில்தான் அதன் பலன் தெரிந்ததில்லை.

எனக்குப் பத்து வயதான வருடம் வாலில்லாத நரி ஒன்று வந்தது. முதலில் ஏதோ நாய் என்று நினைத்தோம். நாலு நாள் கழித்து இன்னொன்று. அதற்கும் வால் இல்லை. மூன்றாவது நரிக்கு ஒரு சாண் மட்டும் மிச்சமிருந்தது, அதுவும் முடியில்லாமல். ஊரில் பேச்சுக்கு வேறு விஷயமே இல்லாமல் போயிற்று.

நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இதில் சந்தேகமே கிடையாது.

"நரி இன்னா பண்ணும் தெரியுமா? நண்டு வளையில வால வுட்டுகினு குந்திக்கும். நண்டு கப்புனு புடிச்சிக்கும். வெடுக்குனு இஸ்து வெளிய போட்டுத் துன்னும். இந்த வருசம் நண்டு பெருசு. வாலயே நறுக்கிடிச்சி."

"நண்டு இன்னா கத்திரிக்கோலு வச்சிகினு கீதா?" என்றாள் அம்மா.

பெரியப்பா, இறால் பண்ணையில் காவலுக்கு வளர்க்கும் நாய்கள்தான் கடித்துத் துண்டாக்குகின்றன என்றார். தாயத்துக்காக யாரோ வந்து அறுத்துப் போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு. அப்படி அறுத்துப் போகிறவர்கள் நரியை உயிரோடு விட்டுவிட்டு ஏன் போகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் எதையும் நம்பினேன். காலையில் ஒருவர் சொன்னதை மாலையில் இன்னொருவர் மறுத்தால் அதையும் நம்பினேன்.

இந்த இடத்தில் எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனா சாயங்காலம் நண்டு வலை விட்டு, விடிகாலையில் எடுத்து வருவார். வலையில் மாட்டிய நண்டு சும்மா இருக்காது. காலையும் கொடுக்கையும் போட்டுத் தன்னைத்தானே நூலில் சுற்றிக்கொண்டு கிடக்கும். அதைப் பிரித்தெடுப்பது பெண்கள், பிள்ளைகள் வேலை. பள்ளிக்கூடத்துக்கு முன் ஒரு மணி நேரம் நானும் தம்பியும் கரையில் உட்கார்ந்து பிரிப்போம். பிரிக்கவே முடியாத சிக்கலை அறுத்துவிடலாம். அதற்காக என்னிடம் ஒரு பாதி பிளேடு உண்டு. அந்தப் பிளேடு என் கையில் இருந்ததில் எனக்கு அப்போது கொஞ்சம் திமிர்.

அறுத்த நூலை ஏரியில் போடக்கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு. படகு எஞ்சினின் விசிறியில் சுற்றிக்கொள்ளும், தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவும் பெண்களின் காலில் மாட்டும். எனவே சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து குழியில் கொட்டி எரிக்க வேண்டும் என்பது நைனாவின் சட்டம். வீடு தூரம், சாக்கு நாற்றம், எனக்கோ தலை பின்னிக்கொண்டு மணி அடிப்பதற்குள் போக வேண்டும். கரைக்கு மேலேயே முட்புதர் இருந்தது. அதற்குள் வீசி எறிந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. நூலில் நண்டுக்கால், குட்டி நண்டு, மீன் தலை எல்லாம் ஒட்டியிருக்கும். நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஏரியில் போடவில்லை அல்லவா, கட்டுப்பாட்டை மீறவில்லை என்ற நிம்மதி வேறு.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஏரியில் பத்து வீட்டு வலை அருகருகே கிடக்கும். எது யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொரு வீட்டாரும் வலையின் மேல்கயிற்றில் முழத்துக்கு ஒன்றாகத் துணிக் கிழிசலை முடிந்துவைப்பார்கள். பெரியப்பா வீட்டுக்குச் சிவப்பு. எங்கள் வீட்டுக்கு அம்மாவின் பழைய நைட்டி. மஞ்சள் துணியில் ஊதாப்பூ. "ஏரி முழுக்க எங்க அக்கா நைட்டிதான் மெதக்குது" என்று மாமா கிண்டல் செய்வார். அறுக்கும் சிக்கலில் துணி வந்தால் அவிழ்த்துத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அதையும் நான் எல்லா நாளும் செய்ததில்லை.

அது ஒரு சனிக்கிழமை. நைனா நண்டுக் கூடையோடு போய்விட்டார். அம்மா ஏரிக்குள் இருந்தாள். நான் கடைசிச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றுக்குப் போகப் புதர்ப் பக்கம் போன தம்பி ஓடி வந்தான். அவனுக்கு ஆறு வயது.

"அக்கா, ஒரு நரியக் கட்டிப் போட்டு வச்சிகிறாங்க."

"யாருடா கட்டுனது?"

"தெரில. நம்ம நைட்டிலதான் கட்டிகீது."

பிளேடோடு எழுந்து ஓடினேன்.

புதருக்குப் பின்னால் அந்த நரி நின்றிருந்தது. யாரும் கட்டவில்லை. வாலின் அடியில் நைலான் நூல் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. அதற்குக் கீழே வால் கறுத்து, முடி உதிர்ந்து, செத்த பாம்பு மாதிரித் தொங்கியது. இன்று நேற்றுச் சுற்றிய நூல் இல்லை என்று எனக்கே தெரிந்தது. பல நாளாக அந்த வலைத் துண்டை இழுத்துக்கொண்டே திரிந்திருக்கிறது. இப்போது அதன் மறுமுனை ஒரு முள்கட்டையில் வசமாக மாட்டிக்கொண்டது. நடுவில், பட்டிக்காட்டுத் திருவிழாத் தோரணம் போல, அம்மாவின் நைட்டித் துணி. ஊதாப்பூகூட அழியவில்லை.

நரி உறுமவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. அதன் விலா ஏறி ஏறி இறங்கியது.

"அறுத்து வுடுக்கா, பாவம்" என்றான் தம்பி.

அவன் நரிக்காகச் சொன்னான். நான் நரியை நினைக்கவில்லை. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? என் கண் முழுக்க அந்த மஞ்சள் துணியில்தான் இருந்தது. நைனாவோ ஊர்க்காரர்களோ அதைப் பார்த்துவிட்டால், நரிகளின் வாலை அறுத்தது யார் என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். மூன்று நரிகளின் பாவமும் என் தலையில்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். நைனா தோலை உரித்துவிடுவார். எப்படியாவது துணியை எடுத்துவிட வேண்டும்.

தம்பியின் கையில் ஒரு குட்டி நண்டைக் கொடுத்தேன்.

"நீ முன்னால நின்னு நண்டக் காட்டிகினே இரு. அது உன்னப் பாத்துகினு இருக்கும். நான் பின்னால போய் அறுத்துடறேன்."

அவன் சொன்னபடி செய்தான். அக்கா சொன்னால் செய்கிற பிள்ளை. கையை நீட்டி, "இந்தா, துன்னு, துன்னு" என்று நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டான். நான் குனிந்து துணியைப் பிடித்து நூலில் பிளேடை வைத்தேன். நூல் ஆடியதும் அந்தப் புண் வலித்திருக்க வேண்டும். நரி ஒரு துள்ளுத் துள்ளியது. தம்பியின் பக்கம் பாய்ந்ததா, என்னிடமிருந்து விலகியதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. தம்பி கத்தினான். என் கையில் இழுபட்ட நூல் சட்டென்று தொய்ந்தது. நான் பின்னால் விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது வாலில்லாத நரி ஒன்று புதருக்குள் போய்க்கொண்டிருந்தது. வால் என் கையில் இருந்தது.

தம்பியின் வலது உள்ளங்கை ஓரத்தில், சுண்டு விரலுக்குக் கீழே, இரண்டு பல் பதிந்திருந்தது. நாலு சொட்டு ரத்தம். அவன் அழ வாயைத் திறந்தான். நான் பொத்தினேன். ஏரிக்கு இழுத்துப் போய் உப்புத் தண்ணீரில் கழுவினேன்.

"நண்டு கடிச்சிதுன்னு சொல்லு."

"எந்த நண்டு?"

"பெரிய நண்டு. நரின்னு சொன்ன, உன்னோட பேசவே மாட்டேன்."

அவனுக்கு அது போதும். வாலையும் துணியையும் சேற்றில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் ஊரில் நண்டு கடிக்காத கை கிடையாது. அம்மா ஒரு பார்வை பார்த்து மஞ்சளை வைத்து அழுத்தினாள், அவ்வளவுதான். நைனாவுக்கோ ஒரே உற்சாகம். "நான் சொல்லல? நரி வாலயே நறுக்குற நண்டு, இவன் கைய சும்மா வுடுமா?" என்று பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காயத்தைக் காட்டினார். தம்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மீன் ஏற்றும் இடங்களுக்கு ஐஸ் கொண்டுபோகும் வண்டி ஓட்டுகிறவர். நாலு ஊர் சுற்றுவதால் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய எண்ணம். எங்களுடைய எண்ணமும் அதுதான். நரிப் பேச்சு எடுத்ததும் தலையை ஆட்டினார்.

"நண்டும் இல்ல, நாயும் இல்ல. சொறி புடிச்சி வாலு அழுவி வுழுது. அப்படியே வெறி புடிச்சிடும். கிட்ட போவாதீங்க. வெறி புடிச்சது கடிச்சா ஆளு தண்ணியப் பாத்தா நடுங்குவான். ஒரு மொடக்கு உள்ள எறங்காது. அப்புறம் அவ்ளோதான்."

நான் எடுத்த கவளம் மறுபடி தட்டுக்கே போனது.

"தண்ணியப் பாத்து பயப்படலன்னா, மாமா?"

"பயப்படலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்ல வேண்டாம், அடி வாங்க வேண்டாம், தம்பிக்கும் ஒன்றும் ஆகாது. தண்ணீரைக் காட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும் ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தான். சந்தேகம் தீரவில்லை. இன்னொன்று கொடுத்தேன். அதையும் குடித்தான். பிறகு ஏரிக்குக் கூட்டிப்போய் முழங்கால்வரை நிற்கச் சொன்னேன், முகத்தில் வாரி அடித்தேன். சிரித்தான். எனக்கு உயிர் வந்தது. சாயங்காலம் மறுபடி இரண்டு தம்ளர். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு ஜன்னலிலிருந்து அவன் வகுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்தானா, வாயில் வைத்தானா, முகத்தைச் சுளித்தானா? டீச்சர் என்னை இரண்டு முறை எழுப்பி நிற்கவைத்தார். நின்றால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமையும் இப்படியே போனது. காயம் காய்ந்து பொருக்குக் கட்டியது. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் தப்பித்தோம் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். ஏன் ஒரு வாரம்? எனக்கே தெரியாது.

புதன்கிழமை காலை தம்ளரை நீட்டினேன். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வேணாம்."

"குடிடா."

"வேணாம்க்கா, வேணாம்!"

வாயருகே கொண்டுபோனேன். கையால் தட்டிவிட்டான். தம்ளர் உருண்டு தண்ணீர் தரையில் ஓடியது. அவன் அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டி நின்று அழுதான்.

நான் ஓடினேன். சீருடையோடு, ஒரு பக்கம் மட்டும் பின்னிய தலையோடு ஓடினேன். தம்பி செத்துப்போகப் போகிறான், நான்தான் நண்டைக் கையில் கொடுத்தேன் என்பதைத் தவிர மனதில் எதுவும் இல்லை.

அம்மா ஏரிக்குள் தூரத்தில் இருந்தாள். இறால் தடவும் பெண்கள் இடுப்புத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே வரிசையாக நகர்வார்கள். பிடித்த இறாலைப் போடப் பனையோலைப் பறி. கைகள் இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். தண்ணீரில் இருக்கும்வரை பேச்சே கிடையாது. கூப்பிட்டால் "ம்ம்" என்பதோடு சரி. கரையிலிருந்து கத்திப் பார்த்தேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

சீருடையோடு மார்பளவு தண்ணீரில் வருகிற என்னைப் பார்த்ததும் அம்மாவின் கண் சிவந்தது. "ம்ம்?" என்றாள். அந்த "ம்ம்"மிலேயே வரப்போகும் அறை இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நூல், புதர், நைட்டி, நரி, நண்டைக் கொடுத்தது, கடித்தது, பொய் சொன்னது, இப்போது தண்ணீரைத் தட்டிவிட்டது. ஒன்றையும் விடவில்லை.

அம்மாவின் வாய் திறந்தது. பறி விழுந்தது. விடியலிலிருந்து தடவிய இறால் முழுவதும் அவளைச் சுற்றித் துள்ளிக்கொண்டு போயிற்று. தடுமாறி விழுந்தாலும் பறியின் கயிற்றைப் பல்லிலிருந்து விடுகிற பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் கீழே பார்க்கக்கூட இல்லை.

"எத்தினி நாளாச்சி?"

"சனிக்கெழம."

சேற்றில் ஓட முடியாது. அம்மா ஓடினாள். இரண்டு முறை விழுந்து எழுந்தாள். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாமாவின் ஐஸ் வண்டி அப்போது கரையில் இறக்கிக்கொண்டிருந்தது நல்லதாயிற்று. மிச்ச ஐஸோடு அப்படியே கிளம்பினோம். மாமா பேசாமல் வண்டி ஓட்டி அன்றுதான் பார்த்தேன். அம்மா ஈரப் புடவையோடு தம்பியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் தம்பி மெதுவாக, "மாமா, ஒரு ஐசு துண்டு குடு" என்றான்.

வண்டி நின்றுவிட்டது. மூன்று பேரும் அவனைப் பார்த்தோம்.

"அது மீனு ஐசுடா" என்றார் மாமா. ஆனாலும் இறங்கிப் போய் உடைத்துக் கொண்டுவந்தார். தம்பி சப்பிச் சப்பித் தின்றான். சொட்டுச் சொட்டாக முழங்கையில் வழிந்த தண்ணீரை நக்கினான்.

"காலைல ஏன்டா தண்ணியத் தட்டிவுட்ட?" என்று அம்மா கேட்டாள்.

"அக்கா தெனமும் ரெண்டு ரெண்டு தம்ளர் குடுக்குதும்மா. வவுறு நொம்பிப் போவுது. க்ளாஸ்ல ஒண்ணுக்குப் போறேன்னு டீச்சர் அடிக்கிறாங்க."

அம்மா அழுதாளா சிரித்தாளா என்று தெரியாதபடி ஒரு சத்தம் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவச் சொன்னார். கையில் ஊசி, காயத்தைச் சுற்றியும் ஊசி. தம்பி கட்டடமே அதிரக் கத்தினான். சொன்ன நாட்களிலெல்லாம் தவறாமல் வரவேண்டும் என்றார்கள். போனோம். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது மாமாவின் அதே ஐஸ் வண்டியை ஓட்டுகிறான். அந்த நரிக்கு வெறி இருந்ததா, வெறும் வலி மட்டும்தானா, யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகும் வாலில்லாத நரிகள் கரையோரம் ஓடுவதைப் பார்த்தேன். எது என் நரி என்று அடையாளம் காண எனக்குத் துணிக் கிழிசல் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் நைனா சாக்கை எடுத்துக்கொண்டு புதருக்குப் போனார். நான் என் முதுகைத் தயார் செய்துகொண்டு குழியருகே நின்றேன். ஒரு சாக்கு போதாமல் இன்னொன்றும் வாங்கிக்கொண்டு போனார். கொட்டியபோது பார்த்தேன். மஞ்சள் துணி இரண்டோ மூன்றோதான். சிவப்பு இருந்தது, நீலம் இருந்தது, கட்டம் போட்ட லுங்கி இருந்தது. ஊரில் ஒரு வீடு பாக்கியில்லை. ஏரியில் போடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை எல்லோரும் என்னைப் போலவே ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தார்கள். நைனா அந்தக் குவியலைக் குச்சியால் ஒருமுறை கிளறிவிட்டுத் தீ வைத்தார். என்னை அடிக்கவில்லை. இன்றைக்கும் வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், வாலை நறுக்கியது நண்டுதான் என்பார்.

இப்போது எனக்கு மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. போன வருடம் கூட வேலை செய்யும் பெண்ணை நாய் கடித்துவிட்டது. சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்து எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். கடித்த உடனே கழுவி ஊசி போட்டுவிட வேண்டும், எத்தனை நாள் தள்ளியிருந்தாலும் போட்டுவிட வேண்டும், ஆனால் தண்ணீரைக் கண்டு பயம் வந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்த ஊசியும் மருந்தும் காப்பாற்றாது என்றார். மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். காலையும் மாலையும் தம்ளரை நீட்டிக்கொண்டு நான் காத்திருந்தது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தம்பிக்கு முதல் ஊசி போட்ட நர்சம்மா அந்தப் புதன்கிழமையே என்னிடம் கேட்டார். நான் ஈரச் சீருடையில் கதவோரம் நின்றிருந்தேன்.

"அஞ்சு நாளா யார்கிட்டயும் சொல்லாம இன்னாம்மா பண்ணிகினு இருந்த?"

"தெனமும் காலைல ரெண்டு தம்ளர், சாயங்காலம் ரெண்டு தம்ளர் தண்ணி குடுத்துப் பாத்தேன். நேத்து வரைக்கும் எல்லாத்தயும் குடிச்சான்."

அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து, பின்னாமல் விட்ட பக்கத் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பாராட்டுகிறார் என்று நினைத்து நான் இன்னொரு முறையும் சொன்னேன்: "ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கல, நர்சம்மா."